ஏவுதல் கருத்தாவைக் காணோம்

மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபுக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு. கருத்தாவையும் இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். ‘அரசனால் கட்டப்பட்ட கோயில்’ என்றால் அரசன் ஏவுதல் கருத்தா. ‘தச்சனால் கட்டப்பட்ட கோயில்’ என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா. உளி வெறும் கருவி. எம்.ஏ. வகுப்பில் மார்க்குக்காக நான் உருப்போட்ட இந்தப் பாகுபாடு இன்றைய யுத்தத்தைப் பேச மிகவும் தேவைப்படுகிறது. ‘ட்ரோனால் கொல்லப்பட்டனர்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இந்த ‘ஆல்’ கருவியா, கருத்தாவா?

தொலைவில் ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிற ட்ரோன் இன்னமும் கருவிதான். தன்னியக்க ஆயுதம் வேறு. ஒருமுறை முடுக்கிவிட்டால் இலக்கைத் தேடுவது, இன்னதென்று தீர்மானிப்பது, தாக்குவது மூன்றையும் மனிதத் தலையீடின்றி அதுவே செய்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு. எந்திரம் பரிந்துரைக்க மனிதன் அனுமதிப்பது ஒரு படி. எந்திரம் சுடப்போகும்போது மனிதன் தடுக்கலாம் என்பது இன்னொரு படி. பொறுப்பு கைநழுவிப் போவது இந்தப் படிகளில்தான்.

1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் சென்ற ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. இருந்த 290 பேரும் இறந்தனர். விமானம் மேலே ஏறுகிறது என்று கப்பலின் ஏஜிஸ் கணினி சரியாகவே பதிவு செய்திருந்தது. மாலுமிகளோ அது தங்களை நோக்கி இறங்குவதாக நம்பினார்கள். எந்திரத்தில் கோளாறில்லை, மனிதப் பதற்றம்தான் காரணம் என்றது கடற்படை விசாரணை. 1996இல் சட்டப் பொறுப்பை ஏற்காமலே 6 கோடியே 18 லட்சம் டாலர் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. கேப்டனுக்கு இடையில் பதக்கமும் கிடைத்திருந்தது.

2003 மார்ச்சில், ஈராக் போரில், கதை தலைகீழ். அமெரிக்காவின் பேட்ரியாட் அமைப்பு பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்தியது. குழுவினர் அதை நம்பிச் சுட்டார்கள். விமானத்தில் இருந்த இருவரும் மாண்டனர்.

ஆக, எந்திரம் சரியென்றால் பழி மனிதன் மேல். மனிதன் எந்திரத்தை நம்பினால் பழி எந்திரத்தின் மேல். பழி இந்த இரண்டு பேருக்குள்ளேயே பந்தாக உருள்கிறது. போரை ஏவியவன் ஆட்டத்திலேயே இல்லை! ‘தொழில்நுட்பப் பிழை’ என்னும் சொல்லாடல் செய்கிற வேலை இதுதான். 2020இல் லிபியாவில், பின்வாங்கிய ஹஃப்தர் படையினர் மீது, இயக்குபவரோடு தொடர்பில்லாமலே தாக்கும்படி நிரல் எழுதப்பட்ட ஆயுதங்கள் ஏவப்பட்டன என்று ஐ.நா. வல்லுநர் குழு 2021இல் எழுதியது. துருக்கியத் தயாரிப்பான கார்கு-2வின் பெயர் அதில் வருகிறது.

எந்திரத்துக்குக் கோபமில்லை, வெறியில்லை, பழிவாங்காது என்பார்கள். வாஸ்தவம். வின்சென்ஸில் கணினிதான் நிதானமாக இருந்தது. ஆனால் அதற்கு மறுப்பும் இல்லையே. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில், நிராயுதபாணிகளான கூட்டத்தைச் சுடச் சொன்னபோது, சந்திர சிங் கட்வாலியும் அவரது சகவீரர்களும் ‘முடியாது’ என்றார்கள், தண்டனையும் அனுபவித்தார்கள். இயற்றுதல் கருத்தா ஏவலை மறுக்க முடியும் என்பதுதான் அதிகாரத்தின் நிரந்தரப் பயம். அந்தப் பயத்துக்குக் கிடைத்திருக்கும் மருந்துதான் தன்னியக்க ஆயுதம். துல்லியம் பற்றிய விவாதம் இதை மறைத்துவிடுகிறது. நாளைக்கே அது குறி தவறாமல் சுட்டாலும் என் ஆட்சேபம் அப்படியேதான் இருக்கும்.

இது எங்கோ நடக்கிற சங்கதி என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 2023 டிசம்பரில், இவ்வாயுதங்களைப் பற்றிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கே: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனீவாவில் மரபு ஆயுதங்கள் உடன்படிக்கையின் கீழ் நடக்கும் பேச்சே உரிய களம் என்பது இந்தியாவின் வாதம். ஒருமித்த சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் நகராது. ஒரு நாடு முரண்டு பிடித்தால் போதும். அந்த வாக்கு யாரால் அளிக்கப்பட்டது, யாருடைய பெயரில் என்று கேட்க நமக்கு இலக்கணம் இருக்கிறது. கேட்போம்.