தொம்மலூர்க் கல் சொல்லும் கதை

"நாம எப்போப்பா பெங்களூருக்கு வந்தோம்?" என்று மகள் கேட்டாள். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்கு அழைத்துப்போனேன். பெயரைக் கேட்டுச் சிவன் என்று எண்ண வேண்டாம்; உள்ளே இருப்பவர் பெருமாள். அங்குள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்கிறது.

அடுத்து மடிவாளா சோமேசுவரர் கோயில். வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைத் தானம் கொடுத்ததை 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு முந்நூறு ஆண்டுக்கும் முன்பே, பேகூர் வீரக்கல் பெங்களூரைக் கன்னடத்தில் குறித்துவிட்டது. இரண்டு மொழியும் இங்கே பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம்.

"உன் தாத்தா வந்தது 1956, நம்ம மொழி வந்து எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

தமிழ் படிக்கத் தெரியாத என் மகள் கல்லைத் தடவி, "இது என்ன எழுத்துப்பா?" என்றாள். அன்றிரவே அரிச்சுவடி எடுத்தோம். உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.