ஒரு பெயருக்குள் மூன்று வழி: லெபோ ஆச்சே தெங்கு சையது உசேன்



அரபுக் குலங்கள் பற்றிய கேள்வி வந்தால் பலரும் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வறையில் குழம்புகிறோம். தண்ணீர்மலையிலிருந்து பஸ் ஏறி ஜார்ஜ் டவுனுக்குள் போனால் இந்தப் பாடத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. லெபோ ஆச்சே பள்ளிவாசலைத்தான் சொல்கிறேன். எண்கோண மினாரா உள்ள இந்தப் பள்ளிவாசலை 1808ல் கட்டியவர் தெங்கு சையது உசேன் அல்-அய்டிட். ஆச்சேயிலிருந்து பினாங்கு வந்த பெரிய வணிகர். அவருடைய அடக்கத்தலமும் அங்கேயே இருக்கிறது.

அவர் பெயரைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்க. 'அல்-அய்டிட்' என்பது குடும்பக் கிளையின் பெயர். அல்-அத்தாஸ், ஜமாலுல்லைல் போல ஏமன் நாட்டு ஹத்ரமவுத்திலிருந்து கிளம்பியது. இந்தக் கிளைகளுக்கெல்லாம் பொதுப் பெயர் பா-அலவி. 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவை விட்டு ஹத்ரமவுத்துக்குப் போன அஹ்மத் அல்-முஹாஜிர் என்பவரின் பேரன் அலவி. அவர் பெயரால் வந்தது. 'உசேன்'தான் அவருக்கு வைத்த பெயர். 'சையது' நபிகளின் வம்சம் என்பதைக் காட்டும் அடைமொழி. 'தெங்கு' அரச குடும்பத் தொடர்பைக் காட்டுவது.

இப்போ கொஞ்சம் மேலே போவோம். குறைஷ் என்பது பெருங்குலம். அதற்குள் பல கிளைகள். முதல் நான்கு கலீபாக்களும் குறைஷிகளே, ஆனால் கிளை வேறு: அபூபக்கர் தைம், உமர் அதீ, உஸ்மான் உமையா, அலி ஹாஷிம். நபிகளும் ஹாஷிம் கிளையே. "நால்வரும் ஹாஷிம் குலம்" என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

அரபு வம்சக் கணக்கு தகப்பன் வழி. 'பின்' என்றால் மகன், அவ்வளவுதான். ஆனால் நபிகளின் ஆண் பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். மகள் பாத்திமா, மருமகன் அலி, பேரர்கள் ஹசன், ஹுசைன் வழியாகத்தான் சையதுகள் வருகிறார்கள். அதாவது தகப்பன் வழி பார்க்கும் இந்த முறையில், மிக உயர்ந்ததாக மதிக்கப்படும் வம்சமே ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

பினாங்குக் கதையும் அப்படித்தான். சையது உசேனுக்கு ஆச்சே அரச குடும்பத்தோடு உறவு பெண்வழியில். 1815ல் அங்குள்ள பிரபுக்கள் சுல்தான் ஜவ்ஹர் அல்-ஆலமை எதிர்த்து, இவரை அரசராக்க நினைத்தார்கள். இவரோ அந்த இடத்தை மகன் சைபுல் ஆலமுக்குக் கொடுத்தார். பினாங்கு வணிகரின் பணமும் வம்சப் பெருமையும் சேர்ந்து நான்கு வருடம் ஆச்சேயை இரண்டாக்கின. 1819ல் ராபிள்ஸ் ஜவ்ஹர் பக்கம் நின்று உடன்படிக்கை செய்ததும் மகனின் உரிமை முடிந்தது. பெர்லிஸில் நடந்தது வேறு. கெடா சுல்தான் குடும்பத்தில் பெண் எடுத்த ஜமாலுல்லைல் குடும்பம் 1843ல் அரசு ஏறியது. இன்றும் அவர்களே ராஜா.

கடைசியாக, நம்மவர் பெயர்கள். கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1801ல் காதர் மொகிதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது. அவர் குடும்பப் பெயர் மரைக்காயர். இங்கே 'மெரிக்கன்' என்று எழுதுவார்கள். சில மரைக்காயர் குடும்பங்கள் அரபு மூதாதையரைச் சொல்வதுண்டு. இருந்தாலும் மரைக்காயர், ராவுத்தர், லெப்பை எல்லாம் தமிழ் முஸ்லிம் சமூகப் பெயர்கள், அரபுக் குலப் பெயர்கள் அல்ல. விடைத்தாளில் இவற்றைக் குறைஷ் கிளைகளோடு சேர்த்து எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன்!