காற்று திரும்பும் வேளை

தை பிறந்துவிட்டால் எங்கள் எருத்தேன்பதியில் கீழ்காற்றுக்கு ஓய்வு கிடையாது. வடக்கே நீலகிரித் தொடரும் தெற்கே ஆனைமலைத் தொடரும் விலகி நின்று, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இவ்வூர் இருப்பதால், தமிழ்நாட்டுச் சமவெளியைத் தாண்டி வரும் வறண்ட காற்று அந்த இடைவெளியில் நெருக்குண்டு, வேகம் பெற்று, எங்கள் தென்னந்தோப்புகளை உலுக்கிக்கொண்டு மேற்கே ஓடுகிறது. அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. எந்தக் காரியமும் இல்லாமல் ஒரு நாளை ஏகாந்தமாகக் கழிக்கும் விருப்பமும் அதனோடு சேர்ந்துகொள்ளவே, 100 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, பாரதப்புழை அரபிக் கடலில் கலக்கும் பொன்னானிக்குச் சென்றேன்.

விடியற்காலையில் முகத்துவாரத்து மணல்மேட்டில் கடலைப் பார்த்து அமர்ந்தபோது, காற்று என் முதுகுப்புறமாக, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தைக் கழிக்க வடதேசங்களிலிருந்து வந்த கடற்காகங்கள் மணல் திட்டில் கூட்டமாக நின்றன. அத்தனையும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே அலகை நீட்டியிருந்தன. காற்றுக்கு எதிர்முகமாக நின்றால்தான் இறகு கலையாது. நினைத்த மாத்திரத்தில் எழும்பவும் முடியும்.

10 மணிக்குமேல் காற்று தளர்ந்தது. பிறகு அறவே நின்றது. படகுகளின் கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன. பறவைகள் ஒவ்வொன்றும் ஒரு திசையாக நின்றன. மணலில் கால் வைக்க முடியவில்லை. நாலடி தள்ளி நீரில் இறங்கினாலோ, காலையில் இருந்த அதே இதம். ஒரு கிராம் ஜலத்தின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும். மணலுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். அன்றியும், மணலில் விழும் வெயில் மேற்பரப்பிலேயே தங்கிவிட, சமுத்திரத்தில் விழுவது ஆழத்துக்கு ஊடுருவி, அலைகளால் கலக்கப்பட்டு, ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலும் செலவாகிப்போகிறது. ஆகவே நிலத்தின்மேல் உள்ள காற்று சூடேறி, இலேசாகி மேலெழ, அங்கே அழுத்தம் குறைய, கடலின்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரையேறுகிறது. இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் இதே கிரியை தலைகீழாகிறது. பாய்மரக் காலத்து மீனவர்கள் நிலக்காற்றில் விடியுமுன் கடலுக்குள் சென்று, கடற்காற்றில் பிற்பகலில் கரை திரும்பினார்கள். தை மாதத்திலோ, கணவாய்க் காற்று பலமாக எதிர்த்து வீசும் நாட்களில் கடற்காற்று தாமதித்தே கரையேறும்.

அன்றும் தாமதித்தது. முதலில் கண்ணுக்குத் தெரிந்தது காற்றன்று. கண்ணாடிபோல் கிடந்த கடலின்மேல், தொலைவில், சிற்றலைகள் எழுந்து கறுத்த ஒரு பட்டை. அது மெல்ல மெல்லக் கரையை நெருங்கி, என் முகத்தில் ஈரமாகப் பட்டபோது மணி 1 ஆகியிருந்தது. நிலமும் கடலும் சூடேறுவதில் உள்ள பேதத்தைக் கொண்டே பருவக்காற்றுகளுக்கு 1686-இல் விளக்கம் எழுதினார் எட்மண்ட் ஹாலி. பூமியின் சுழற்சி முதலிய காரணங்கள் பின்னர் சேர்க்கப்பட்டன எனினும், ஒரு வருஷத்து மகா நாடகத்தின் மூலவிதியை ஒரே பகலில், கன்னத்தாலேயே அறிந்துகொள்ள முடிந்தது எனக்குப் பேரானந்தமாக இருந்தது. கடற்காகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, 3 மணிக்குள் யாவும் மேற்கு நோக்கி நின்றன.

மாலையில் சூரியாஸ்தமனம் காண வருகிறவர்கள், கடற்கரையில் எப்போதும் கடற்காற்றே வீசுவதாக எண்ணித் திரும்புகிறார்கள். அது பாதி நாளின் உண்மைதான். தை மாதத்தில் பொன்னானிக்குச் செல்லும் வாசகர்கள் அவசரப்படாமல் முழுநாளும் தங்கி, மணல் திட்டில் நிற்கும் பறவைகளின் அலகு எத்திசை நோக்கியிருக்கிறதென்பதைக் காலை 7 மணிக்கு ஒருமுறையும் பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறையும் பார்த்துவிட்டு வர வேண்டுகிறேன்.