ஆண்கள் வார்டில் ஆணுக்கான சிகிச்சை நடக்கிறதா?

தமிழ்நாட்டின் குடிநோய் மறுவாழ்வு மையங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள். 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்திய ஆண்களில் 27.3 சதவீதம் பேர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.6 சதவீதம். ஆனால் கட்டில் முழுக்க ஆண்கள் படுத்திருந்தால் மட்டும் அது ஆண்களுக்கான சிகிச்சை ஆகிவிடாது.

முதல் சில நாட்கள் உடம்புக்கானவை. தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலர் புத்தி குழம்பி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டிருப்பார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. அதனால்தான் வீட்டு அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கக் கூடாது.

நடுக்கம் நின்ற பிறகுதான் உண்மையான வேலை. நீண்டகாலக் குடி ஆண்மைக் குறைவை உண்டாக்கலாம். அந்த இயலாமை சிலருக்கு மனைவி மீது சந்தேகமாகத் திரும்புகிறது. செல்போனைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், வேலைக்குப் போகாதே என்பார்கள். குடியை விட்டும் சந்தேகம் தீரவில்லையென்றால் மனநல மருந்து தேவைப்படலாம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த இயலாமையையும் சந்தேகத்தையும் டாக்டரிடம் சொல்லும் ஆண் அபூர்வம். ஆண்கள் மட்டும் உட்காரும் குழுவில் ஒருவர் வாய்திறந்தால் அடுத்தவருக்கும் தைரியம் வருகிறது. கடன், அப்பாவிடம் வாங்கிய அடி, தான் மனைவியை அடித்தது எல்லாம் அங்கேதான் வெளியே வரும். ‘போதையில அடிச்சுட்டேன்’ என்பதை ஆலோசகர் சமாதானமாக ஏற்கக் கூடாது. மனச்சோர்வு ஆண்களிடம் பல நேரம் எரிச்சலாகவே வெளிப்படும். அழாதவருக்கு மனக்கஷ்டம் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது.

குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை வேண்டும். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, மனைவியையும் பெற்றோரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. அந்த அக்கறை எல்லா மையங்களுக்கும் வர வேண்டும். இல்லாவிட்டால் மனைவிமார் விளம்பரத்தைப் பார்த்து, குடியை நிறுத்தும் மருந்தென்று குழம்பில் கலந்து கொடுக்கிறார்கள். டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருப்பது தெரியாமல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிர்வரை போகும்.

சேர்க்கும் முன் உரிமம் இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்ப ஆலோசனை உண்டா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தில் ஒரு நாள்கூட விட வேண்டாம். வீடு திரும்பியபின், குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போகலாம்; கட்டணம் கிடையாது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.