ஒருவரே ஓர் இனமாகும்போது

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள வெர்மான்ட் மாநிலத்தில் இரண்டு ஆண்டுகள் முதுகலை பயின்றேன். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். என் வகுப்பில் வெள்ளையர் அல்லாதவன் நான் ஒருவனே. யாரும் என்னை இழித்துப் பேசியதில்லை. பண்டிகை நாள்களில் விருந்துக்கு அழைத்தார்கள். முதல் பனிக்காலத்தில் மேலங்கி தந்து உதவினார்கள். ஆயினும் ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்தபடியே அந்த நாள்களைக் கழித்தேன்.

சாதி, குழந்தைத் திருமணம், யோகா என எது பேசப்பட்டாலும் எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பும். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் சார்பில் நான் விடை சொல்லியாக வேண்டும். பக்கத்து இருக்கை மாணவர் தவறாகப் பதிலளித்தால் அது அவருடைய தவறு. நான் தவறினால், ‘இந்தியர்கள் இப்படித்தான்’ என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சினேன். கையை உயர்த்தும் முன் விடையை மனத்துக்குள் இருமுறை சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் பேச்சு வேறிடம் சென்றிருக்கும்.

இந்த அச்சத்தை உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் ஆகியோர் ஆராய்ந்து 1995இல் கட்டுரை வெளியிட்டனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பின, வெள்ளையின மாணவர்களுக்கு ஒரே கடினமான தேர்வை அவர்கள் நடத்தினர். அது அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்று அறிவித்தபோது கறுப்பின மாணவர்கள் பின்தங்கினர். திறனை அளப்பது நோக்கமன்று என்று கூறியபோது, முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டதில், அந்த வேறுபாடு பெரிதும் குறைந்தது. இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தன் இனத்தைப் பற்றிய முன்முடிவு தன்னால் மெய்யாகிவிடுமோ என்ற கவலையே கவனத்தைத் தின்னும் என்பதை என் அனுபவத்தில் கண்டேன்.

அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவர் ஒரு பேராசிரியை. ‘உங்கள் நாட்டில் எப்படி?’ என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதில் நீங்கள் சொல்ல வருவது என்ன?’ என்றார். அங்கு என்னைத் தனி மனிதனாக எண்ணிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

அன்றிரவு என் பள்ளி நாள்கள் நினைவுக்கு வந்தன. நேபாளத்திலிருந்து வந்த காவலாளியின் மகன் ஒருவன் எங்களோடு மூன்று ஆண்டுகள் படித்தான். நாங்கள் அவனைக் ‘கூர்க்கா’ என்றே அழைத்தோம். பகையால் அல்ல, அன்பாகத்தான் அழைத்தோம். ஆனால், எவ்வளவு முயன்றும் அவனுடைய பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இன்று வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். ‘இந்திக்காரப் பையன்’ என்று சுட்டாமல் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தனிச் சட்டமோ நிதியோ தேவையில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.