தாத்தாவோட சுகர் மாத்திரையும் மூணு மாசக் குழந்தையும்

எங்க தாத்தாவுக்கு சுகர். சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரை போட்டாச்சான்னு பாட்டி கேட்டுட்டே இருப்பாங்க. அந்த மாத்திரை கிளிபென்கிளமைடு. 1960கள்ல வந்த பழைய, விலை குறைஞ்ச மருந்து. அதையே பொடிச்சு கைக்குழந்தைக்குக் குடுத்து, இன்சுலின் ஊசியையே நிறுத்தியிருக்காங்கன்னு படிச்சப்போ எனக்கு நம்பிக்கையே வரல. இன்னிக்கு அதப் பத்திதான் பேசப்போறேன். நான் கோடு எழுதுற ஆளு, டாக்டர் இல்ல. இத மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

குழந்தைங்களுக்கு வர்ற சுகர் பெரும்பாலும் டைப் 1. உடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இருக்கிற பீட்டா செல்களை அழிச்சிடும். அதனால ஆயுசு முழுக்க ஊசி. ஆனா பிறந்து ஆறு மாசத்துக்குள்ள சுகர் வந்தா அது டைப் 1-ஆ இருக்கிறது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவுல இருக்கிற கோளாறுதான் காரணம். சுமார் ஒரு லட்சம் பிரசவத்துல ஒரு குழந்தைக்கு இப்படி வரும்.

பீட்டா செல்லோட சுவர்ல பொட்டாசியம் வெளியே போற கதவு ஒண்ணு இருக்கு. ரத்தத்துல சர்க்கரை ஏறினா, செல்லுக்குள்ள ஏடிபி-ங்கிற எரிபொருள் கூடும். ஏடிபி அந்தக் கதவை மூடும். கதவு மூடினதும் செல்லோட மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே வந்து, இன்சுலின் வெளியே போகும். கேசிஎன்ஜே11 மரபணுவுல பிழை இருக்கிற குழந்தைக்கு, ஏடிபி எவ்வளவு தட்டினாலும் கதவு சரியா மூடாது. இன்சுலின் உள்ளேயே கிடக்கும். எங்க பாஷையில சொன்னா, ஃபங்ஷன் நல்லாத்தான் இருக்கு, அதைக் கூப்பிடுற 'இஃப்' கண்டிஷன்தான் ட்ரூ ஆகவே மாட்டேங்குது.

2004-ல இங்கிலாந்தோட எக்ஸிட்டர்ல ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி, அன்னா க்ளோயின் குழு இதைக் கண்டுபிடிச்சது. பார்த்த 29 பேர்ல 10 பேருக்கு இந்தப் பிழை இருந்தது. தாத்தா மாத்திரை செய்றது என்னன்னா, ஏடிபி-யை நம்பாம, வேற பக்கத்துலேர்ந்து அதே கதவை மூடுது. 2006-ல 49 பேருக்கு இந்த வகை மாத்திரையைக் குடுத்துப் பார்த்தாங்க. 44 பேர் இன்சுலினை நிறுத்திட்டாங்க. அதுல முப்பது வயசு தாண்டினவங்களும் உண்டு. அத்தனை வருஷம் ஊசி! பத்து வருஷம் கழிச்சு 81 பேரைப் பார்த்தப்போ, 93 சதவீதம் பேர் இன்னும் இன்சுலின் இல்லாமத்தான் இருந்தாங்க.

எனக்கு உறுத்துறது இதுதான். கைக்குழந்தையா இருக்கும்போதே 'டைப் 1'-னு ஃபைல்ல எழுதிட்டா, அப்புறம் யாரும் அதைத் திறந்து பார்க்கிறதில்ல. தப்பான லேபிளோட க்ளோஸ் பண்ண டிக்கெட் மாதிரி. துப்பு என்னவோ 'எந்த வயசுல கண்டுபிடிச்சாங்க'-ங்கிற ஒரு கட்டத்துல இருக்கு. ஆறு மாசத்துக்குள்ளன்னா மரபணு சோதனை செய்யணும், அந்த ஆளுக்கு இப்போ இருபது வயசானாலும் சரி. சென்னையில மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்ல இந்தச் சோதனை உண்டு.

இதைக் கேட்டுட்டு வீட்டுல ஊசியை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். இன்சுலின் மரபணுவுலயே பிழை இருந்தா இந்த மாத்திரை உதவாது. ஊசியை விட்டா உயிருக்கே ஆபத்து. அதனால முதல்ல சோதனை, அப்புறம் டாக்டர் கண்காணிப்புல மாத்திரை. இன்னொண்ணு, இதே கதவு மூளையிலயும் இருக்கு. சில குழந்தைங்களுக்கு வளர்ச்சி தாமதமாகும், வலிப்பும் வரும். மாத்திரை அதை முழுசா சரி பண்ணாது, ஆனா சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் கூடுதல்.

மூத்திரம் போன இடத்துல எறும்பு மொய்ச்சா சுகர்னு பாட்டி சொல்வாங்க. டயப்பர் காலத்துல எறும்புக்கு ஏது வழி? டயப்பர் அடிக்கடி கனமா நனையுது, பால் குடிச்சும் எடை ஏறல, வாந்தி, வேகமா மூச்சு வாங்குது. இதைப் பார்த்து நிமோனியான்னு நினைச்சிடறது உண்டு. அப்போ குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது.