காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

நாற்று நடும் பெண்கள் பின்னால் நகர்ந்தபடியேதான் நடுவார்கள். கண் நாற்றில் இருக்கும், கால் சேற்றுக்குள் தானாக இடம் தேடிக்கொள்ளும். முந்தின இரவு வரப்பில் உட்கார்ந்து குடித்தவர்கள் உடைத்துப் போட்ட பாட்டிலின் சில்லு அந்தச் சேற்றில் கிடந்தால், மிதித்த பிறகுதான் தெரியும். குதிகாலில் கண்ணாடி ஏறியவர் மறுநாள் வயலில் இறங்க முடியாது. ஊசி, தையல், மருந்து, பஸ் செலவு, நடவு மும்முரமாக நடக்கும் நாட்களின் கூலி என எல்லா நஷ்டமும் அவர் தலையில்தான் விடியும். பாட்டிலை எறிந்தவருக்கு ஒரு பைசா செலவில்லை.

பொது இடத்தில் போடும் ஒவ்வொரு குப்பைக்கும் விலை உண்டு. அதைக் கொடுப்பவர் வேறு யாராகவோ இருக்கிறார்.

காட்டில் அந்த விலையை யானை கொடுக்கிறது. நான்கு டன் எடையைத் தாங்கினாலும் யானையின் உள்ளங்கால் மெத்தையைப் போல மென்மையானது. சாலையோரத்தில் உடைந்து கிடக்கும் பீர் பாட்டிலை மிதித்தால், அந்த எடையே கண்ணாடியை ஆழமாக உள்ளே அழுத்திவிடும். புண் சீழ் பிடிக்கும். இரை தேடித் தினமும் பல கிலோமீட்டர் நடந்தாக வேண்டிய விலங்கு நடக்க முடியாமல் நின்றுவிட்டால், பட்டினியும் கூடவே வந்துவிடும். யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை மையமாக வைத்து ஜெயமோகன் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையைப் படித்தவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. அந்தக் கதைக்குப் பிறகும் மலைப்பாதைகளில் பாட்டில்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன. வேண்டுகோள் பலகைகளும் நின்றுகொண்டுதான் இருந்தன.

நிலைமை மாறியது 2022இல். வனப்பகுதி வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றச் சிறப்பு அமர்வு, காலி பாட்டில்களைத் திரும்பப் பெற வழி செய்யுமாறு டாஸ்மாக் நிர்வாகத்திடம் கண்டிப்பாகச் சொன்னது. அந்த ஆண்டு மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. நடைமுறை எளிமையானது. பாட்டிலை வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் அடையாள ஸ்டிக்கர்தான் சாட்சி.

பலன் தெரிந்தது. நீலகிரியில் விற்ற பாட்டில்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கடைக்கே திரும்பி வந்தன. அதன் பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

குடிப்பவர் எல்லோரும் ஒரே மாதத்தில் திருந்திவிடவில்லை. போதையில் எறிந்துவிட்டுப் போகிறவர் இன்றும் உண்டு. ஆனால் அவர் எறிந்ததை எடுத்துப் போக இன்னொருவர் வருகிறார். ஐந்து பாட்டில் பொறுக்கினால் ஐம்பது ரூபாய். சாலையோரத்தில் குப்பையாகக் கிடந்த அதே பாட்டில் காசாகிவிட்டது. இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனையும் அல்ல. கோலி சோடா குடித்தால் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவதும், கலர் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போக முன்பணம் கட்டுவதும் நம் பெட்டிக்கடைகளில் பல காலம் இருந்த வழக்கம்தான். தூக்கி எறியும் பாட்டில்கள் வந்த பிறகு அது மறைந்தது.

திட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. ஏற்கெனவே நெருக்கடியான கடைக்குள் காலி பாட்டில்களை எங்கே அடுக்குவது, எண்ணிப் பார்த்துப் பணம் கொடுக்க ஆள் எங்கே என்று டாஸ்மாக் ஊழியர்கள் கேட்கிறார்கள், போராட்டமும் நடத்தியிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. வயலில் வேலை செய்பவரின் காலைக் காப்பாற்றும் சுமையைக் கடை ஊழியரின் முதுகில் ஏற்றினால், செலவு மறுபடியும் தவறான ஆளிடம்தான் போய்ச் சேரும். தனி இடமும் தனி ஆளும் கொடுத்தால்தான் திட்டம் நிலைக்கும்.

பிளாஸ்டிக்குக்கு இந்த அளவு ஏற்பாடுகூட இன்னும் வரவில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் உடலைக் கூறாய்வு செய்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு இருந்தது. அந்த யானை கருவுற்றிருந்தது. அந்தப் பகுதியில் குப்பைக் கிடங்கு ஒன்று இருப்பதும், உணவு வாசத்துக்கு யானைகள் அங்கே வருவதும் ஊர் அறிந்த விஷயம்.

ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பெரும்பாலான தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு 2003 முதல் முன்பணம் உண்டு, இப்போது அது 25 சென்ட். மதுபாட்டிலில் நீலகிரி செய்து காட்டியதைத் தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் செய்யத் தமிழ்நாட்டால் முடியும். அந்தச் செலவைத் தயாரிக்கும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். அரசு இதை இன்னும் தள்ளிப்போடக் கூடாது.